அரையாண்டு விடுமுறையில் பாட்டி வீடு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திறங்கும் வீடுகளிலிருந்து எழுதப்பட்டவை. ஆகவே பாட்டிமார் தொடர்பான கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் வலியோடும், இரத்த அழுத்த மாத்திரையோடும், மார்கழி முழுவதும் நாலரை மணிக்கு எழுந்து வாசலில் பெரிய கோலம் போடுகிறார். டிசம்பர் கடைசியில் நாத்தனாரும் பிள்ளைகளும் வந்துவிட்டால் நாள் முழுவதும் வேலைதான். கோலத்தையாவது எப்படி நிறுத்தச் செய்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கோலத்தை ஏன் நிறுத்தவேண்டும்? உங்கள் கடிதத்தின்படியே, அவர் விரும்பிச் செய்யும் வேலை அது ஒன்றுதான். அரை மணி நேரத்தில் அது முடிந்துவிடுகிறது. அதன் பிறகு இரவு பத்து மணி வரை அவர் அடுப்படியில் நிற்கிறாரே, அதைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதி முடித்திருக்கிறீர்கள்.

விடுமுறை நாள்களில் ஒரு பாட்டியின் உடம்பை வாட்டுவது, நேரம் காலமில்லாமல் தொடரும் சிற்றுண்டி வேலைதான். ஒரு பிள்ளை எட்டு மணிக்கு எழுந்து இட்லி கேட்க, இன்னொன்று பத்து மணிக்கு எழுந்து தோசை கேட்க, மாப்பிள்ளைக்கு இரண்டாம் காப்பி போடுவதற்குள் மதியச் சமையலுக்குக் காய் நறுக்கும் நேரம் வந்துவிடுகிறது. மார்கழிக் குளிரில் மாவு புளிக்க வழக்கத்தைவிட நேரம் பிடிப்பதால், மாலையில் அரைக்கும் மாவை மதியமே அரைத்து வைக்கவேண்டியிருக்கிறது. அப்போது அவர் சற்றுப் படுக்கும் நேரமும் போய்விடுகிறது. இந்த நிலையில் "நீங்கள் உட்காருங்கள் அத்தை" என்று சொல்வதால் பயனில்லை, ஏனென்றால் அந்த வேலையை யார் செய்வார் என்பது தெரியாமல் எந்தப் பாட்டியும் உட்காரமாட்டார். உளுந்து ஊறவைப்பது முதல் கிரைண்டர் கழுவுவது வரை மாவு வேலை முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு உணவை, என்ன சமைப்பது என்ற யோசனையோடும் பாத்திரம் துலக்குவதோடும் சேர்த்து, நாத்தனாரிடம் ஒப்படையுங்கள். காலைக் காப்பியை உங்கள் கணவரும் நாத்தனார் கணவரும் முறை வைத்துப் போடட்டும்; பால் பொங்கி வழிந்தால் அவர்களே அடுப்பைத் துடைக்கட்டும்.

கோலத்துக்கு வருவோம். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் கூடக்கூடும். எனவே படுக்கையிலிருந்து நேரே வாசலுக்குப் போகாமல், ஸ்வெட்டர் அணிந்து, காதை மூடிக்கொண்டு, வெந்நீர் குடித்துவிட்டு, ஐந்தரை மணிக்கு மேல் போவது நல்லது. வாசல் தெளித்துப் பெருக்கும் வேலையை வேறொருவர் செய்யட்டும். ஈரப் படியில் வழுக்காமலிருக்க விளக்கைப் போட்டுவையுங்கள். முழங்காலை மடக்கி உட்காருவதைவிட உயரமான முக்காலியில் அமர்ந்து இழைப்பது எளிது. பேத்தி புள்ளி வைக்க, அத்தை கோடு இழுக்கட்டும். சாணப் பிள்ளையாரில் பூசணிப்பூ செருகுவதற்குப் பேரன்கள் தாமாகவே போட்டியிட்டுக்கொண்டு வருவார்கள்.

நாத்தனாரைப் பற்றிய மற்றக் குறைகளை நான் தொடவில்லை. அவை இந்தப் பகுதிக்குள் அடங்கா.

கேள்வி: மார்கழி விடியலில் ஓசோன் நிறைந்த காற்று வருகிறது என்று சொல்லி, விடுமுறையிலும் பாட்டி என்னை எழுப்பிவிடுகிறார். இது உண்மையா? (பள்ளி மாணவர், சேலம்)

பதில்: உண்மையில்லை, தம்பி. நம்மைக் காக்கும் ஓசோன் படலம் பெரும்பாலும் தரையிலிருந்து 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது மார்கழிக்காகக் கீழே இறங்கி வருவதில்லை. தரையருகே உண்டாகும் ஓசோன், வாகனப் புகையின் மீது வெயில் படுவதால் உருவாவது. ஆகையால் அது பிற்பகலில்தான் மிகும், நுரையீரலுக்குக் கேடும் செய்யும். குளிர்கால விடியலில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்று மேலே எழாமல் தங்கிவிடுவதால், நகரங்களில் புகையும் தூசும்கூடக் கீழேயே தேங்குகின்றன. பாட்டிக்கு இழுப்பு இருந்தால், போகியன்று விடியலில் அவரை வெளியே விடாதீர்கள்.

ஆனாலும் பாட்டி எழுப்பும்போது எழுந்துகொள்ளுங்கள். மனிதரின் ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்றும், அந்த நாளின் வைகறை மார்கழி என்றும் நம்பி, திருப்பாவையின் முப்பது பாடல்களையும் திருவெம்பாவையின் இருபது பாடல்களையும் விடியலில் பாடிவந்த மரபு நம்முடையது. அந்தக் காரணம் போதும். கைப்பேசியில் வலம்வரும் அறிவியல் அதற்குத் தேவையில்லை.

கேள்வி: பாட்டி சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வைகுண்ட ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விழித்திருந்து, விடியலில் சொர்க்கவாசலுக்கும் போவேன் என்கிறார். என்ன செய்யலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: இப்போதே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், அன்று காலைவரை தள்ளிப்போடாதீர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால், சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடும். முழு உபவாசம் கூடாதென்று மருத்துவர் சொன்னால் அதைப் பாட்டியின் காதுபடச் சொல்லச் செய்யுங்கள்; பேத்தி சொல்வது எடுபடாது. முதியவர்களும் நோயாளிகளும் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு விரதம் காப்பது பல வீடுகளில் வழக்கமாக உள்ளதுதான். வியர்வை, நடுக்கம், தடுமாற்றமான பேச்சு ஆகியவை தோன்றினால், அவர் நினைவோடு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் நீங்களே செய்து தாருங்கள்.

கேள்வி: விடுமுறைக்கு மகன் என்னைச் சென்னைக்கு அழைக்கிறான். ரயிலில் மேல் படுக்கை கிடைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, தென்காசி)

பதில்: நாற்பத்தைந்து வயது நிறைந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ பதிவு செய்யும்போதுதான் அது பொருந்தும் என்பதால், பேரப்பிள்ளைகளோடு ஒரே பயணச்சீட்டில் உங்கள் பெயரையும் சேர்க்கவேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். இப்போது 60 நாள்களுக்கு முன்பிருந்துதான் முன்பதிவு செய்யமுடியும். திரும்பும் சீட்டையும் உரிய நாளிலேயே எடுத்துவிடுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு ஆண்டுதோறும் நானே முந்திரிக்கொத்து செய்து எல்லாப் பிள்ளைகள் வீட்டுக்கும் கொடுத்தனுப்புவேன். இந்த ஆண்டு கை ஓய்ந்துவிட்டது. மருமகள்கள் "கடையில் வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார்கள். மனது கேட்கவில்லை. (ஒரு பாட்டி, நாகர்கோவில்)

பதில்: மருமகள்கள் அன்பினால்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் உங்கள் வருத்தமும் நியாயமானதே. முந்திரிக்கொத்து ஒருவர் தனியே உட்கார்ந்து செய்யும் பலகாரமே இல்லை. சிறுபயற்றை வறுத்துத் திரித்து, தேங்காயையும் எள்ளையும் வறுத்து, ஏலமும் சுக்கும் பொடித்துச் சேர்த்து, வெல்லப் பாகையோ கருப்பட்டிப் பாகையோ ஊற்றிக் கிளறிய மாவைச் சூடு ஆறுவதற்குள் உருட்டியாகவேண்டும். ஆறிவிட்டால் உருண்டை பிடிபடாமல் உதிர்ந்துபோகும். வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து செய்யவேண்டிய இந்த வேலையை, பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர் போன பிறகு, நீங்கள் ஒருவரே சுமந்துவந்திருக்கிறீர்கள்.

ஆகவே எல்லோரும் வந்து சேர்ந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் 23-ஆம் தேதி வருவார்களானால், பயற்றையும் தேங்காயையும் அதற்கு முன்பே நிதானமாக வறுத்துத் திரித்து வைத்துவிடலாம். தேங்காயில் ஈரம் துளியும் இருக்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 24-ஆம் தேதி காலையில் பாகு காய்ச்சுவதை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டு, உருட்டுவதைப் பேரப்பிள்ளைகளிடமும், பச்சரிசி மாவில் முக்கி மும்மூன்றாக எண்ணெயில் விடுவதை மருமகள்களிடமும் விட்டுவிடுங்கள். உருண்டைகள் ஒரே அளவில் வராது, சில எண்ணெயில் பிரியவும் செய்யும். அவற்றை அடுப்படியிலேயே தின்று தீர்த்துவிடுவார்கள். இரவு ஆராதனைக்குப் போகுமுன் உங்களுக்கு இரண்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பதால், எண்ணெய்ச் சட்டியை மதியம் ஒரு மணிக்குள் இறக்கச் சொல்லிவிடுங்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கப் போதவில்லை என்றால், அந்தக் குறைக்கு மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.