மொதல்ல ஒரு காயில அளந்து பாருங்க தம்பி

வணக்கம் அண்ணா,
நான் கெம்பஸ்ல கடைசி வருஷம், ஊரு ஹட்டன் பக்கம். ஒரே பந்து மூணு அச்சுலயும் திரும்புற மாதிரி நிரந்தர காந்த மோட்டர் ஒன்னு புரொஜெக்டுக்கு செய்யப் போறேன். சிமியுலேஷன் படம் அனுப்பியிருக்கேன். காந்தம் என்42 கிரேடு வாங்கவா, அதவிட வலு கூடின என்52 வாங்கவா? இங்க மலையில இருந்துக்கிட்டு இதெல்லாம் செய்ய ஏலுமா?

அன்புத் தம்பி,
காந்தம் எதுன்னாலும் வாங்குங்க. வலுவுல பத்துல ஒரு பங்குதான் கூடக்கொறைய, சாதா கிரேடு ரெண்டையும் 80 பாகைக்கு மேல சூடாக விடாதீங்க, அவ்வளவுதான். கலர் கலரா படம் அனுப்பியிருக்கீங்களே, ஒரு காயிலாவது கையால சுத்திப் பாத்தீங்களா? அதான் எனக்குக் கோவம்.

எங்கப்பா தேயில பெக்டரியில எலெக்ட்ரீசியன். ரோலர் மோட்டர் எரிஞ்சா எத்தன சுத்து, என்ன கேஜ் கம்பி, எந்த ஸ்லொட்டுல ஏறி எதுல எறங்குதுன்னு கொப்பியில எழுதிட்டுத்தான் கம்பிய வெட்டுவாரு, அந்தப் பக்கம் கொழுந்து வாடிக் கெடக்கும், மேல இருந்து கத்துவாங்க, அவரு எழுதி முடிக்காம கை வைக்க மாட்டாரு.

சாதா மோட்டர்ல ஷாப்ட் ஒன்னு, முறுக்கும், அதாவது திருப்புற விசையும், அந்த ஒரே அச்சுல. காந்தம் வச்ச பந்துல அப்படி இல்ல தம்பி, அதே காயில்ல அதே கரண்ட விட்டாலும் பந்து எப்படித் திரும்பி நிக்குதோ அதுக்கேத்த மாதிரி முறுக்குற திசையே மாறிடும். அதனால ஒவ்வொரு நிலையிலயும் ஒவ்வொரு காயிலும் மூணு அச்சுல எவ்வளவு முறுக்குதுன்னு அட்டவண வேணும், அது கையில இல்லாட்டி உங்ககிட்ட மோட்டரே இல்ல. காயிலுக்கு நடுவுல இரும்பு போடாம சுத்துங்க, இரும்பு இருந்தா கரண்ட் இல்லாமலே காந்தம் இழுத்துப் புடிச்சுக்கும். இரும்பு இல்லன்னா முறுக்கு கரண்டுக்கு நேர்விகிதம், காயில் காயிலா வர்றத சும்மா கூட்டிக்கலாம், எல்லாம் ஒரே மாதிரி காயில்னா ஒன்ன ஒழுங்கா அளந்தாலே மத்ததுக்கும் அதையே திருப்பிப் போட்டு எடுத்துறலாம். ஒரு அம்பியர் விடுங்க, பந்துல கம்பு ஒன்னு கட்டி நகைத் தராசுல எவ்வளவு அமுக்குதுன்னு பாருங்க, கரண்ட் இல்லாதப்போ காட்டுறத கழிச்சிட்டு பத்துப் பத்துப் பாகையா திருப்பி எழுதுங்க. காயில் மூணுக்கு மேல இருந்தா ஒரே முறுக்க எத்தனையோ விதமா எடுக்கலாம், அதுல கரண்டோட வர்க்கங்கள கூட்டினா எது சின்னதா வருதோ அதுதான் சூடு கொறஞ்சது. அட்டவண இல்லாம இந்தக் கணக்க எங்க போய் போடுவீங்க?

மலையில ஏலுமான்னு இனிமே கேக்காதீங்க. இன்ஜினியர் விமலசுரேந்திர 1918லயே இந்த மலைத் தண்ணியில கரண்ட் எடுக்கலாம்னு கணக்கோட கட்டுரை குடுத்துட்டாரு, லக்சபான நீர்மின் நிலையம் ஓடினது 1950ல.

காந்தம், காயில் எல்லாம் ஒவ்வொன்னு போதும், அட்டவணய அனுப்புங்க, பந்து எப்படித் திரும்பி நிக்குதுன்னு பாக்குற சென்சர் பத்தி அப்புறம் எழுதுறேன்.