'செஞ்சூரியன்' படத்தில் வருவது போல ரோமின் ஒன்பதாம் படையணி ஸ்காட்லாந்தில் அழிந்தது உண்மையா?

படையணி உண்மை, அழிந்த கதைக்குத்தான் ஆதாரம் இல்லை.

2010-இல் வந்த நீல் மார்ஷலின் இந்தப் படத்தில், கி.பி. 117-இல் காட்டுக்குள் நுழையும் ஒன்பதாம் படையணியை ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான பிக்ட் இனத்தார் மறைந்திருந்து தாக்கி ஒழிக்கிறார்கள். தப்பிய சிலரை மைக்கேல் ஃபாஸ்பெண்டர் வழிநடத்திக்கொண்டு ஓடுகிறார். மீதியெல்லாம் துரத்தலும் வெட்டுக்குத்தும்தான்.

வரலாற்றில், இந்தப் படையணி பிரிட்டனில் இருந்ததற்கான கடைசிச் சான்று இங்கிலாந்தின் யார்க் நகரக் கல்வெட்டு; காலம் கி.பி. 108. அதற்குப் பிறகு தடயமே இல்லை என்று நெடுங்காலம் நம்பியதால்தான் 'காணாமல் போன படை' என்ற கதை பிறந்தது. அப்புறம் நெதர்லாந்தின் நைமெகன் நகரில் இதே படையணியின் முத்திரை பதித்த ஓடு கிடைத்தது. ஆக, குறைந்தது ஒரு பகுதியாவது கடல் தாண்டிப் போயிருக்கிறது. ஆனால் பிற்காலப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் காலத்துப் படையணிப் பட்டியலில் ஒன்பதாம் எண் இல்லை. இடையில் யூதேயாவிலோ அர்மீனியாவிலோ அழிந்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது, முடிந்த முடிவு இல்லை என்றாலும்.

இன்னொன்று: படத்தில் பிரிட்டனின் ரோமானிய ஆளுநராக வரும் அக்ரிகோலா கி.பி. 93-இலேயே இறந்துவிட்டவர்! வேடிக்கை என்னவென்றால், நிஜ அக்ரிகோலாவின் வடக்குப் படையெடுப்பின்போது இதே ஒன்பதாம் படையணியின் முகாமை கலிடோனியர்கள் (அன்றைய ஸ்காட்லாந்து மக்கள்) இரவில் தாக்கினார்கள். அவரே விரைந்து வந்து காப்பாற்றினார் என்று அவருடைய மருமகனும் ரோமானிய வரலாற்றாசிரியருமான டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.