நாய்க்குத் தோல் நோய்: எங்கே சொறிகிறது என்று முதலில் பாருங்கள்

நாய்களுக்குப் பொதுவாக வரும் தோல் நோய்கள் என்ன, எப்படிச் சரி செய்வது என்பது கேள்வி. பெரம்பூரில் எங்கள் வீட்டில் ஒரு லேப்ரடார் இருக்கிறது. வாசலில் சோறு வைக்கும் தெருநாய்களும் உண்டு. அதனால் இவற்றில் பலவற்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முடி கொட்டுவதும் தோல் சிவப்பதும் எந்த நோயிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று பார்த்தால்தான் ஒரு பிடி கிடைக்கும்.

வால் தொடங்கும் இடத்தில் கடித்துக் கடித்து முடி போயிருந்தால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. பூச்சி கண்ணில் படாமலே இருக்கலாம். அந்த இடத்தைப் பேன் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். மண்ணாக இருந்தால் அப்படியே கிடக்கும். செம்பழுப்பாகக் கசிந்து பரவினால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள் முழுக்க அரிக்கும்.

உண்ணி காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் ஒளிந்திருக்கும். ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால் சில வாரத்தில் திரும்ப வரும். உண்ணியைப் பிடுங்கும்போது ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். மாத்திரை, கழுத்தில் விடும் சொட்டு மருந்து இரண்டும் கிடைக்கின்றன. நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த மருந்து வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம். உண்ணி இருந்த நாய் சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

சொறி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு, இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியால் வருபவை. ஒன்றில் காது ஓரம், முழங்கை, வயிறு எல்லாம் தடித்து, தாங்க முடியாத அரிப்பு இருக்கும். காது ஓரத்தை விரல்களுக்கு நடுவே வைத்து மெல்லத் தேய்த்தால் பல நாய்களுக்குப் பின்னங்கால் தானாகவே சொறியும். இது மற்ற நாய்களுக்கும் தொற்றும், நமக்கும் சில நாள் அரிப்பைக் கொடுக்கும். இன்னொன்று டெமோடெக்ஸ். குட்டிகளுக்குக் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி கொட்டும், அரிப்பு அதிகம் இருக்காது, பிறருக்குப் பரவாது. எது என்று தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சொறிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை மட்டும் கேள்விப்பட்டதை வைத்து நீங்களே போட்டுவிடாதீர்கள். கோலி போன்ற சில இனங்களுக்கு உயிருக்கே ஆபத்து.

சென்னைப் புழுக்கத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பூஞ்சை நன்றாகவே வளரும். தோல் பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்து, விரல் இடுக்கு பழுப்பாக இருந்தால் ஈஸ்ட். வட்ட வட்டமாக முடி போனால் படர்தாமரையாக இருக்கலாம். அது குழந்தைகளுக்கும் ஒட்டும். ஈஸ்டுக்கு டாக்டர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ நல்ல பலன் தரும். நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அப்புறம் காது மடல், விரல் இடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கு வாங்கும் களிம்பு ட்யூப். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு சட்டென்று அடங்கும், ஆனால் படர்தாமரையும் டெமோடெக்ஸும் அதனாலேயே பரவும். நாய் அதை நக்கியும் விடும். வண்டி எஞ்சினின் கழிவு ஆயில் தடவுவது அதைவிடக் கொடுமை, தோலைப் புண்ணாக்கி உள்ளேயும் விஷமாகிவிடும். தயவுசெய்து தெருநாய்களுக்கும் அதைச் செய்யாதீர்கள்.

பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, காதும் பாதமும் மாறி மாறி அரிக்கிறது என்றால் ஒவ்வாமை. கோழி, பால் என்று உணவில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, டாக்டர் சொல்லும் ஒரே உணவை எட்டு வாரமாவது கொடுக்க வேண்டும், நடுவில் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது. வீட்டில் எல்லாரும் ஒத்துழைத்தால்தான் நடக்கும்.

வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் தோல் நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். போகிற அன்று குளிப்பாட்ட வேண்டாம், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், சோதனையில் தெரிய வேண்டியது மறைந்துவிடும். இதுவரை தடவிய மருந்து, ட்யூப், பழைய சீட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.