அகராதியில் அகப்படாத ஸ்பானிஷ்

மெக்சிக-அமெரிக்க ராப் பாடகர் கிட் ஃப்ராஸ்டின் 'லா ராசா' (1990) பாட்டில் பாதிச் சொற்கள் ஸ்பானிஷ் அகராதியில் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காதுதான். அது காலோ. 1940களில் பச்சூக்கோ எனப்பட்ட மெக்சிக-அமெரிக்க இளைஞர்கள் பேசிப் பரப்பிய தெருமொழி. வாத்தோ என்றால் ஆள், ரான்ஃப்லா என்றால் கார். வரியின் நடுவிலேயே ஃப்ராஸ்ட் ஆங்கிலத்திலிருந்து காலோவுக்குத் தாவுவார், மெக்சிக-அமெரிக்கர்கள் நிறைந்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுப் பேச்சே அப்படித்தான்.

சொற்களை விட்டுவிட்டு ஒருமுறை இசையை மட்டும் கேளுங்கள். அடியில் ஓடுவது எல் சிக்கானோ குழு 1970இல் வெளியிட்ட 'விவா திராதோ'. அதை முதலில் எழுதியவர் கறுப்பின ஜாஸ் கலைஞர் ஜெரால்ட் வில்சன், ஒரு மெக்சிகக் காளைச்சண்டை வீரருக்காக! எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான்.

அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் பகுதி ராப் குழுவான சைப்ரஸ் ஹில்லின் 1991 ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள்.