பறப்பது 12 மணி, பயணம் 19 மணி

கேள்வி: மகள் மெல்போர்னில் இருக்கிறாள். கோவையிலிருந்து 8,900 கி.மீ. என்கிறது வரைபடம். விமானம் மணிக்கு 900 கி.மீ. பறந்தால் 10 மணி நேரம்தானே? டிக்கெட்டில் 19 மணி என்றிருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? – வாசகி, குன்னூர்

பதில்: இல்லை அம்மா. அது நேர்க்கோட்டுத் தொலைவு. கோவையிலிருந்து மெல்போர்னுக்கு நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர் வரை நாலரை மணி, அங்கிருந்து ஏழரை மணி. ஆக, பறப்பது 12 மணிதான். மீதி 7 மணி சிங்கப்பூர் நாற்காலியில் கழியும். சுற்றிப் போவதால் கூடும் தூரம் சுமார் 300 கி.மீ.தான், நேரத்தைத் தின்பது காத்திருப்பு. டிக்கெட் விலையோடு அதையும் ஒப்பிட்டு வாங்குங்கள். புறப்படுவதற்கு 3 மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கோடை சீசனில் மலையிலிருந்து கீழே இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். கழுத்துத் தலையணை மட்டும் வாங்காதீர்கள். விமான நிலையக் கடையில் நான் வாங்கியது காற்று இறங்கிப் பரணில் கிடக்கிறது.

கேள்வி: டிக்கெட்டில் 12ஆம் தேதி 00.40 என்றிருந்தது. 12ஆம் தேதி இரவு போனோம். விமானம் முந்தைய இரவே போய்விட்டதாம். பணம் கிடைக்குமா? – ஊட்டி

பதில்: கட்டணம் போனது போனதுதான். வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். இனியாவது பணம் கட்டும் முன் டிக்கெட்டைப் படியுங்கள்.

கேள்வி: அம்மாவை லண்டனுக்கு அனுப்பினோம். மும்பையில் 2 மணி நேர இடைவெளி. “இணைப்பு விமானம்தான்” என்றார் ஏஜென்ட். முதல் விமானம் ஒன்றரை மணி தாமதம்; லண்டன் விமானம் போய்விட்டது. யாரும் பொறுப்பேற்கவில்லை. – கோத்தகிரி

பதில்: படிக்கவே வயிறு எரிகிறது. இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒன்றாக அடுக்கி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். பி.என்.ஆர். எண்ணைப் பாருங்கள், இரண்டு இருக்கும். ஒரே எண்ணாக இருந்தால், தாமதத்தால் தவறவிட்டவரை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பாடு. இரண்டு என்றால் அம்மா மும்பையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று, பெட்டியை ஒப்படைத்து, குடியேற்றச் சோதனையையும் முடிக்க வேண்டும். வெளிநாட்டு விமானங்களின் கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். முதல் விமானம் நேரத்துக்கு வந்திருந்தாலும் வயதானவர் ஓடித்தான் பிடித்திருக்க வேண்டும். விற்றவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். சில ஆயிரம் குறைத்துக் காட்டினால் வியாபாரம் முடிந்தது. மும்பையில் திண்டாடப்போவது அவருடைய அம்மா இல்லையே. இந்தப் பிழைப்பைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

ரசீது, இரண்டு டிக்கெட்டுகள், “இணைப்பு விமானம்” என்று அவர் அனுப்பிய செய்தி இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மசியாவிட்டால் ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

கேள்வி: துபாய் போக கோவையா, கோழிக்கோடா? – கூடலூர்

பதில்: கோழிக்கோடு. நாடுகாணி வழியாக இறங்கினால் ஊட்டி மலையை ஏறி இறங்கும் வேலையே இல்லை.