ஃப்ரீஸ்லாந்து ஏரிகளில் படகு வாடகைக்கு எடுப்பது: கேட்டவர்களுக்குப் பதில்

நெதர்லாந்தின் வடக்கே இருக்கும் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் படகு எடுத்துச் சுற்றுவது பற்றி நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. எட்டு வருடமாகக் கோடைதோறும் குடும்பத்தோடு போய் வருகிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவர் வசிக்கும் ஊர்.

அண்ணா, எனக்குக் கார் லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. படகு தருவார்களா? (ஐந்தோவன்)

தருவார்கள் தம்பி. 15 மீட்டருக்குக் குறைந்த நீளம், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத எஞ்சின், இரண்டும் பொருந்தினால் உரிமம் தேவையில்லை என்பது அந்நாட்டுச் சட்டம். வாடகைப் படகுகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் இருக்கும். கிளம்பும் முன் துறையிலேயே ஒரு மணி நேரம் போலச் சொல்லிக்கொடுப்பார்கள். அதை வீட்டில் ஒருவர் மட்டும் கேட்டுவிட்டு மற்றவர்கள் சாமான் அடுக்கப் போய்விடக் கூடாது. கயிறு பிடிக்கப்போவது அந்த மற்றவர்கள்தான்.

குடித்துவிட்டு ஓட்டினால் காருக்கு என்ன சட்டமோ அதேதான், ரத்தத்தில் மது 0.5 புரோமில், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு, என்பது வரம்பு. போலீஸ் படகு ஏரிகளில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

ஆலப்புழை மாதிரி ஓட்டுநரும் சமையல்காரரும் கூட வருவார்களா? (ரோட்டர்டாம்)

வரமாட்டார்கள். நீங்களேதான் மாலுமி, நீங்களேதான் சமையல். இரண்டு அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், ஒரு கழிப்பறை, படுக்கைகள் இருக்கும். குக்கர் மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள், படகில் இருக்காது. ரசமும் அப்பளமும் ஏரி நடுவில் தனி ருசி. ஆனால் அப்பளம் பொரிக்கும் நேரத்தில் பக்கத்தில் பெரிய கப்பல் வருகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

ஓட்டுவது கஷ்டமா? (உட்ரெக்ட்)

ஓட்டுவது எளிது. நிறுத்துவதுதான் கஷ்டம். வருகிற வம்பெல்லாம் கரைக்கும் படகுக்கும் நடுவே இருக்கும் கடைசி ஐந்து மீட்டரில்தான் வரும்.

படகுக்கு பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைக்க ரிவர்ஸ் போட வேண்டும். சுக்கானைத் திருப்பினால் கார் மாதிரி முன்பக்கம் திரும்பாது, பின்பக்கம் எதிர்ப்புறமாக ஒதுங்கும். அதனால் கரையை விட்டுக் கிளம்பும்போது அமரம் போய்த் துறையில் இடிக்கும். எங்கள் மீனவர்கள் சொல்லும் வார்த்தைகளே எனக்கு இங்கேயும் வசதி: மூக்கு அணியம், வால் அமரம்.

முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சின்ன ஊர்த் துறை, தென்மேற்குக் காற்று எங்களைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தது. நான்காவது முயற்சியில் அணியம் கரையைத் தொட்டதும் மனைவி கயிற்றோடு தாவிவிட்டாள். கம்பீரமாகக் கரையில் நின்று இழுத்தாள். கயிறு முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது. மறுமுனையைப் படகில் யாருமே கட்டவில்லை. நானும் பிள்ளைகளும் பின்னோக்கி மிதந்துபோக, அவள் கரையில் கயிற்றுச் சுருளோடு நின்றாள். பக்கத்துப் படகுத் தாத்தா காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே எழுந்து வந்து எங்கள் கயிற்றைப் பிடித்தார்.

ஆகவே, கயிற்றின் ஒரு முனை படகில் கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்றுக்கு எதிராக, நடக்கும் வேகத்தில் வாருங்கள். தாவாதீர்கள், கால் வைக்கும் தூரம் வந்தபின் இறங்குங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கயிற்றை முதலில் கட்டுங்கள். பெரிய குடும்பப் படகு என்றால் எட்டு, பத்து டன் இரும்பு. கையாலோ காலாலோ அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், அதற்குத்தான் ரப்பர் உருளைகள் தொங்குகின்றன. சரிவரவில்லையா, பின்வாங்கி மறுபடி வாருங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் உதவிக்கு வருவார்கள்.

முகப்பைப் பக்கவாட்டில் தள்ளும் சின்ன மோட்டார் உள்ள படகாகக் கேட்டு வாங்குங்கள். டச்சில் 'பூஃக்ஸ்க்ரூஃப்' என்பார்கள். புதியவருக்குப் பெரிய துணை.

ஒரு வாரம் இருக்கிறது. எங்கே ஆரம்பிக்கலாம்? கார் இல்லை. (டெல்ஃப்ட்)

கார் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது க்ரௌ. ஸ்வோல்லெ–லேவார்டன் ரயில் பாதையில் க்ரௌ-யிர்ன்சும் நிலையம், இறங்கி நடந்தே ஊருக்குள் போய்விடலாம். வாடகைத் துறைகள் அங்கேயே உண்டு. ஸ்னேக், ஹேக் ஆகியவையும் படகூர்கள்தான். இந்த ஹேக் வேறு, அரசாங்கம் இருக்கும் ஹேக் நகரம் வேறு. பதிவு செய்யும்போது குழம்பாதீர்கள்.

க்ரௌவிலிருந்து ஸ்னேக்கர்மேர் ஏரியைத் தாண்டி ஸ்னேக் நகருக்குப் போங்கள். 1613இல் கட்டிய நீர்வாசல், இரட்டைக் கோபுரத்தோடு கால்வாய்மேல் நிற்கும். அடுத்து ஐல்ஸ்ட். ஸ்னேக்கிலிருந்து ஒரு மணி நேரம் கூட ஆகாது. அங்கே வீடு தெருவின் ஒரு பக்கம், அந்த வீட்டுத் தோட்டம் தெருவைத் தாண்டித் தண்ணீரோரம். மாலையில் அவரவர் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் அவர்கள் முற்றத்தின் வழியாகப் போவது போலவே இருக்கும், கையசைக்காமல் போகாதீர்கள். பிறகு ஹேக், வௌட்சென்ட், ஸ்லோட்டன். ஸ்லோட்டன் உள்ளங்கை அளவு ஊர், சுற்றிலும் பழைய கோட்டை அகழி. திரும்பும்போது பிரின்சஸ் மார்கிரீட் கால்வாய் வழியாக வந்தால் ஓரிடத்தில் ஏ7 நெடுஞ்சாலை உங்களுக்குக் கீழே ஓடும். தண்ணீர் மேலே, லாரிகள் கீழே. பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள்.

ஃப்ரீஸ்லாந்தின் பதினொரு நகரங்களையும் ஒரே வாரத்தில் முடிக்கலாமா? அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். (ஆம்ஸ்டல்வேன்)

அட்டவணையைக் கிழித்துவிடுங்கள். பதினொரு நகரச் சுற்று என்பது உறைபனியில் சறுக்கி ஓடும் எல்ஃப்ஸ்டேடன்டொக்ட் பந்தயத்தின் பாதை, சுமார் 200 கிலோமீட்டர். கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4 அன்று. அதன்பிறகு பாதை முழுக்கப் பந்தயம் நடத்தும் அளவுக்குப் பனி கெட்டிப்படவில்லை. சறுக்குபவர்கள் அதை ஒரே நாளில் முடிப்பார்கள். உங்கள் படகு மணிக்கு எட்டு கிலோமீட்டர் போகும், ஊருக்குள் ஆறு. நடுவில் பாலம் திறக்கக் காத்திருக்க வேண்டும். நாளுக்கு மூன்று, நான்கு மணி நேர ஓட்டம் போதும். பிற்பகல் நான்குக்குள் கயிறு கட்டிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் நல்ல இடமெல்லாம் நிரம்பியிருக்கும், மிச்சமிருக்கும் குறுகலான இடத்தில் ஐம்பது பேர் பார்க்க நீங்கள் நிறுத்த வேண்டியிருக்கும்.

இரவு எங்கே தங்குவது? ஒவ்வொரு நாளும் காசா? (ஹார்லெம்)

ஊர்த் துறைகளில் நீளத்துக்கு ஏற்பக் கட்டணம். மின்சாரம், குளியலறை, குடிநீர் கிடைக்கும். ஆனால் ஃப்ரீஸ்லாந்தின் அருமையே மாரெக்ரீட்டெ துறைகள்தான். ஏரிக்கரையிலும் தீவுகளிலும் மாரெக்ரீட்டெ என்ற அமைப்பு மரத்துறைகள் போட்டுப் பராமரிக்கிறது. இலவசம், ஓரிடத்தில் மூன்று நாள்வரை. மின்சாரம் கிடையாது, கடை கிடையாது. நாணலும் வாத்தும்தான். விரும்புகிறவர்கள் அவர்கள் விற்கும் சின்னக் கொடியை வாங்கிப் படகில் கட்டுவார்கள். கட்டாயமில்லை, நான் வருடாவருடம் வாங்குகிறேன்.

என் யோசனை: ஓரிரவு ஊர், ஓரிரவு தீவு. தண்ணீர்த் தொட்டியும் கைபேசி சார்ஜும் அதற்குத் தாங்கும்.

பாலம் வந்தால் என்ன செய்வது? நினைத்தாலே பயம். (தில்புர்க்)

பயப்படாதீர்கள் அம்மா, அதுவும் சிக்னல்தான். சிவப்பு என்றால் நில். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் திறக்கப்போகிறது. பச்சை வந்தால் போகலாம். ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு சிவப்பு எரிந்தால் பாலம் இப்போது இயங்கவில்லை, கெட்டிலைப் போடுங்கள். பல இடங்களில் பாலக்காரருக்கு மதிய உணவு நேரம் உண்டு.

திறக்காத பாலங்களில்தான் கவனம் வேண்டும். படகின் உயரம் சுக்கான் பக்கத்தில் ஒட்டியிருக்கும், பாலத்தின் உயரத்தை வரைபடத்தில் பாருங்கள். வெயில் கூரையை இறக்கினால் எவ்வளவு குறைகிறது என்பதையும் முதல் நாளே கேட்டு வையுங்கள். சந்தேகமென்றால் போகாதீர்கள். வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள் டச்சிலும் ஃப்ரீசிய மொழியிலும் வரும். ஸ்னேக் என்பது ஸ்னிட்ஸ், ஏரிக்கு 'மேர்' என்பது 'மார்'. ஒரே இடத்தை இரண்டு முறை தேடிய அனுபவம் எனக்குண்டு.

ஏரி ஆழமா? பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது. (அல்மேர)

ஆழமில்லை. நிறைய இடங்களில் ஒன்றரை, இரண்டு மீட்டர்தான். ஆனால் அதுவே இரண்டு தொல்லை. சிவப்பு, பச்சை மிதவைகள் காட்டும் வழியை விட்டு விலகினால் அடி தட்டும். அப்புறம், ஆழமில்லாத நீரில் காற்று சீக்கிரம் அலை எழுப்பும், குட்டையாக, அடுத்தடுத்து. காற்றின் வேகம் பியூஃபோர்ட் அளவுகோலில் ஆறாம் எண் என்றால் துறையிலேயே இருந்து சீட்டாடுங்கள், பல வாடகை ஒப்பந்தங்களும் அதைத்தான் சொல்கின்றன. பிள்ளைகளுக்கு மேல்தளத்தில் உயிர்காப்புச் சட்டை எப்போதும் வேண்டும், கரையில் கட்டி நிற்கும்போதும். வாடகைத் துறையிலேயே கிடைக்கும், எடையைச் சொல்லிக் கேளுங்கள்.

ஐசல்மேர் என்ற பெரிய ஏரிப் பக்கம் முதல் தடவை போகாதீர்கள். 1932இல் அணை கட்டி அடைக்கும்வரை அது கடலின் ஒரு பகுதி. இன்றும் கடல் குணம் போகவில்லை. நிறைய வாடகைப் படகுகளுக்கு அங்கே அனுமதியும் இல்லை.

மழை வந்தால் நாள் வீண்தானே? (லைடன்)

லெம்மர் பக்கம் இருந்தால் வௌதாகெமால் போங்கள். 1920இல் திறந்த நீராவி இறைப்பு நிலையம், இப்போதும் வேலை செய்கிறது. மாகாணத்தில் வெள்ளம் ஏறினால் கொதிகலனை மூட்டி ஐசல்மேருக்குள் இறைப்பார்கள். 1998 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மழை நாளில் மழைநீர் இறைக்கும் இயந்திரத்தைப் பார்ப்பது பொருத்தம்தான்.

கழிப்பறைத் தொட்டி? (பெயர் வேண்டாம் என்றார்)

கழிவை ஏரியில் திறந்துவிடுவது 2009 முதல் தடை. துறைகளில் உறிஞ்சும் குழாய் இருக்கும். தொட்டி அளவு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இதற்கு மேல் எழுதினால் சாப்பாட்டு நேரத்தில் படிப்பவர்கள் திட்டுவார்கள்.

கார்டு போதுமா, கையில் காசு வேண்டுமா? (ஸ்வோல்லெ)

கார்டு எங்கும் செல்லும். ஆனாலும் சில்லறை யூரோ ஒரு டப்பாவில் போட்டு சுக்கான் பக்கம் வையுங்கள். சில பாலங்களில் கட்டணம் உண்டு. பாலக்காரர் தூண்டில் கம்பு போன்ற ஒன்றை நீட்டுவார், நுனியில் கயிறு, கயிற்றில் ஒரு மரச்செருப்பு தொங்கும். படகு நிற்காது, செருப்பு முகத்துக்கு நேரே ஊசலாடும், அந்த நொடியில் காசைப் போட வேண்டும். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. முதல் பாலத்தில் காசைத் தண்ணீரில் போட்டாள். இரண்டாவது பாலத்தில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பாலக்காரர் மேலே கம்போடு எங்களோடு கூடவே நடந்து வந்தார்.