சர்ஃப் போர்டு எத்தனை அடி? அதைச் சொல்லுங்க முதல்ல

கேள்வி: சென்னையிலிருந்து கர்நாடகக் கடற்கரையில இருக்கற முல்கிக்கு நாலு நாள் சர்ஃபிங் போறோம். ரெண்டு பேர், ஆறடி போர்டு ரெண்டு. ஃப்ளைட்டா, ரயிலா, காரா?

பதில்: நாலு நாளுக்குக் கார் கட்டுப்படியாகாது. ஏறக்குறைய 700 கி.மீ.; போக ஒரு நாள், வர ஒரு நாள் ஓடிடும். மழைக்காலத்துல பெங்களூரு-மங்களூரு ரோட்டுல வர்ற சிராடி மலைப்பாதையில மண் சரிஞ்சா அந்தக் கணக்கும் நிற்காது. ஃப்ளைட்ல போங்க. மங்களூரு ஏர்போர்ட்டிலிருந்து முல்கி ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடும். பத்து நாள் தங்கறதா இருந்தா மட்டும் காரைப் பத்தி யோசிக்கலாம்.

கேள்வி: அண்ணா, ஒன்பதடி லாங்போர்டை மூணாம் ஏசியில ஏத்தி வர்க்கலா போக முடியுமா?

பதில்: முடியாது தம்பி. பெட்டிக்குள்ள ஒரு மீட்டருக்கு மேல நீளமான சாமானுக்கு அனுமதி இல்ல. உங்க போர்டு 274 செ.மீ.; பெர்த்தே ஆறடிதான். பார்சல் ஆபீஸ்ல பிரேக் வேனுக்கு, அதாவது அதே வண்டியோட சாமான் பெட்டிக்குப் புக் பண்ணணும். அதுலயும் ஒரு சிக்கல்: வர்க்கலாவில வண்டி ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் நிற்கும். போர்டுக்கு முன்னால மூட்டை அடுக்கியிருந்தா இறக்க நேரமே இருக்காது, போர்டு உங்களைத் தாண்டிப் போயிடும். வண்டி முடியற திருவனந்தபுரம் சென்ட்ரலுக்கே புக் பண்ணி, அங்கிருந்து ரோட்டுல வாங்க.

கேள்வி: இப்பதான் கத்துக்கப் போறேன். போர்டு வாங்கிட்டுப் போகணுமா சார்?

பதில்: வேண்டாம். சர்ஃப் பள்ளியிலேயே எட்டடி ஃபோம் போர்டு தருவாங்க. துண்டும் டிக்கெட்டும் போதும்.

கேள்வி: ஃப்ளைட்ல போர்டு உடையாம எப்படிப் பேக் பண்றது?

பதில்: அதுக்கு முன்னாடி விமான வகையைப் பாருங்க. ஏடிஆர்னா, அதாவது ப்ரொப்பெல்லர் வெச்ச சின்ன விமானம்னா, சரக்கு அறை சின்னது, நீள போர்டைக் கவுண்டர்லயே திருப்பிடுவாங்க. பையோட சேர்த்து முனைக்கு முனை அளந்து, விளையாட்டுச் சாமானா முன்கூட்டியே பதிவு பண்ணுங்க.

ஃபின் (அடியில இருக்கற துடுப்பு), லீஷ் (கால்ல கட்டற கயிறு) ரெண்டையும் கழட்டுங்க. மூக்குலயும் வாலுலயும் துண்டை மடிச்சுக் கட்டுங்க. உடையறது பெரும்பாலும் அங்கதான். ஓரம் முழுக்க ஏசி பைப்புக்குப் போடற கறுப்பு ஃபோம் குழாயை நீளவாக்குல கீறி மாட்டுங்க. டிங் (போர்டுல விழற சின்ன உடைசல்) அடைக்கற பாலியஸ்டர் ரெசினும் ஹார்டனரும் வேண்டாம். தீப்பிடிக்கற பொருள், எந்தப் பையிலயும் விடமாட்டாங்க.

கேள்வி: ஈசிஆர்ல 80-ஐத் தாண்டினா ரூஃப்ல கட்டின பட்டை 'ஊம்'னு உறுமுது. போர்டும் தூக்குது.

பதில்: பட்டை தட்டையா இருந்தா காத்துல அதிரும். ஒரே ஒரு முறுக்கு போட்டு இழுங்க, சத்தம் நின்னுடும். போர்டு தூக்குதுன்னா மூக்கு மேல பார்த்தபடி வெச்சிருக்கீங்க. மெழுகு பூசி ஏறி நிக்கற பக்கம் கீழ, ஃபின் மேல, வால் முன்னாடி வரணும். பல்சக்கரம் வெச்சு இறுக்கற ராட்செட் பட்டை வேண்டாம். ரெண்டு பல் கூட இறுக்கினா ஓரம் நொறுங்கும். பக்கிள் பட்டையைக் கையால இழுக்கற அளவு போதும்.

கோவளத்துல காரை வெயில்ல நிறுத்திட்டுப் போர்டை உள்ள பூட்டிட்டுச் சாப்பிடப் போகாதீங்க. மெழுகு உருகி சீட்ல ஒட்டறது சின்ன விஷயம். எப்பாக்ஸி போர்டுன்னா உள்ள இருக்கற காத்து சூட்டுல விரிஞ்சு, மேல் தோல் கொப்புளமா எழும்பிடும்.